தாய்ப்பாலின் காவற் புரதம்

பாலின் நிறம் வெண்மை என்பது சிறு குழவியும் அறிந்ததே. வெண்மைக்கு உவமை தேடிய நம் புலவர் பலரும் பாலையே நாடினர். ஆயின் அவ்வெண்மையினுள் ஒரு செம்மையும் மறைந்து கிடக்கின்றது என்று கூறின், நம்புவோர் சிலரே ஆவர். பாலினின்று வெண்ணெயை நீக்கித் திரைந்து கட்டியாகும் பகுதியையும் அகற்றி, எஞ்சிய தெளிநீரை மேன்மேலும் பகுத்துச் சென்றால், ஈற்றில் இளஞ்சிவப்பான பொருளொன்று கிடைக்கும். 1939-ஆம் ஆண்டில், டென்மார்க்கு நாட்டுக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த சோரன்சன் என்னும் பெயரினர் இருவர் பசும்பாலில் இதனைக் கண்டு, செந்நிறப் புரதம் எனக் குறித்தனர். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் குரோவ்ஸ் என்பவர் பசும்பாலினின்றும், ஸ்வீடன் நாட்டு யோஹான்சன், பிரான்சு நாட்டு மொந்த்ரேய் என்பார் தாய்ப்பாலினின்றும் இதனைத் தனித்தனியே தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். பாலையும் இரும்பையும் குறிக்கும் இலத்தீன் சொற்களை இணைத்து இதற்கு லாக்டோஃபெரின் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

தமிழ் பயிலும் யாம் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கு என அன்பர்கள் வினவலாம். சென்ற கோடை விடுமுறையில் எம் தமக்கையார் ஓர் ஆண்மகவை ஈன்றார். முதலிரண்டு நாளும் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் பிள்ளைக்கு ஆகாதென்றும், அதனைப் பீச்சி அகற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுதலே முறையென்றும் எம் பாட்டியார் வற்புறுத்தினார். செவிலியர் அதற்கு இசைந்திலர். அப்பொழுது பாட்டியார் எம்மை நோக்கி, "கல்லூரியிலே படிக்கிறாயே, அந்த மஞ்சள் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது? நீயாவது சொல்லேன்" என்றார். யாம் விடையறியாது வாளா நின்றோம். செவிலியர் சொல்லே நிலைத்தது. எனினும், பாட்டியாரின் வினாவிற்கு விடை கூறுவார் அங்கு ஒருவரும் இலர்.

விடுதிக்கு மீண்ட பின்னர், உயிரியல் பயிலும் நண்பரொருவரை அடுத்தும், நூல்கள் சிலவற்றை ஆராய்ந்தும் யாம் அறிந்தவற்றுள் ஒரு பகுதியே இக்கட்டுரை. சீம்பாலில் உள்ள நலங்கள் பல. அவற்றுள் லாக்டோஃபெரின் ஒன்றனையே எடுத்துக்கொண்டு, அஃது உயிரணுவின் புறத்தேயுள்ள பொருள்களை எங்ஙனம் பற்றுகின்றது, அப்பற்றினால் விளைவது யாது என்னும் இரண்டனையும் ஈண்டு விளக்க முயல்வாம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிற்றுறுப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கப்பெற்ற நெடுஞ்சரமாகும். அவ்வுறுப்புக்கள் 20 வகையின. எழுத்துக்கள் தொடர்ந்து சொல்லாவதுபோல, இவை பலவாறு தொடர்ந்து எண்ணிறந்த புரதங்களாகின்றன. அவ்வாறு நோக்குங்கால், மக்கட் பாலிலுள்ள லாக்டோஃபெரின் 691 எழுத்துக்களையுடைய ஒரு நெடுஞ்சொல் எனலாம். பசுவினது 689 எழுத்துக்களை உடையது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஏட்டில் எழுதிய சொல் வரிசையாக நிற்கும். புரதமோ தன்னைத்தானே மடித்தும் சுருட்டியும் ஒரு குறித்த வடிவங் கொள்ளும். நியூசீலந்து நாட்டு எட்வர்டு பேக்கரும் அவர்தம் குழுவினரும் எக்ஸ் கதிர்களின் துணையால் லாக்டோஃபெரினின் வடிவத்தை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்டனர். அஃது இரண்டு மடல்களை உடையது. ஒவ்வொரு மடலிலும் ஒரு பிளவு உண்டு. அப்பிளவினுள் இரும்பணு ஒன்று, கார்பனேட்டு ஒன்றன் துணையோடு, இறுகப் பொருந்தி நிற்கும். முன்னர்க் கூறிய செந்நிறத்திற்கு இவ்விரும்பே காரணம்.

தாய்ப்பாலில் இப்புரதம் பெரும்பாலும் இரும்பின்றி, வெறுங்கையோடு உளது. ஆதலின் தன்னைச் சூழ்ந்துள்ள இரும்பைக் கவர்ந்துகொள்ள வல்லது. கிருமிகளுட் பெரும்பாலன இரும்பின்றிப் பெருக மாட்டா. எனவே, லாக்டோஃபெரின் உள்ளவிடத்தே அவை உணவு மறுக்கப்பட்ட பகைப்படைபோல் மெலிவடையும். 1972-இல் புல்லன் முதலிய ஆங்கில அறிஞர், தாய்ப்பாலிலுள்ள இரும்பு கொள் புரதங்கள் குழவிகளின் குடலைத் தாக்கும் கிருமிகளை அடக்கும் திறத்தை எடுத்துக் காட்டினர். அறிஞர்தம் கருத்து முதலில் இத்தொழிலின்மேலேயே பெரிதும் சென்றது. ஆயின் இரும்பைப் பற்றும் இடம் வேறு. உயிரணுவைப் பற்றும் இடம் வேறு. நாம் காணப் புகுந்தது பின்னதனையே.

மின்னேற்றம் நேர், எதிர் என இருவகைப்படும் என்பதும், ஒத்தவை ஒன்றையொன்று விலக்கும், மாறுபட்டவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்பதும் பள்ளியிற் பயின்றனவே. அமினோ அமிலங்கள் இருபதனுள் ஆர்ஜினின், லைசின் என்னும் இரண்டும் நம் உடலில் நேர்மின்னேற்றமுடையனவாய் நிற்கும். மக்கள் லாக்டோஃபெரினின் முதலெழுத்துக் கிளைசின். அதனையடுத்து 2, 3, 4, 5 என்னும் நான்கிடங்களிலும் ஆர்ஜினினே இடையறாது வருகின்றது. இங்ஙனம் நேர்மின்னேற்றமுள்ள நான்கு உறுப்புக்கள் ஒரு புரதத்தின் தலைப்பிலேயே அணிவகுத்து நிற்றல் குறிப்பிடத்தக்கது. அன்றியும், 28 முதல் 31 வரையுள்ள நான்கிடங்களுள் மூன்று, ஆர்ஜினினும் லைசினுமாகவே அமைந்துள்ளன. வரிசையில் எண்ணும்போது இவ்விரு பகுதிகளும் ஒன்றற்கொன்று சேய்மையில் உள்ளன. ஆயின் சரம் மடிந்து வடிவங் கொண்டவழி இரண்டும் அண்டையில் வந்து அமைகின்றன. 1994-இல் மான் முதலிய அமெரிக்க அறிஞர் மூவர் இவ்விரு பகுதிகளும் கூடித் தொழிற்படுதலை ஆராய்ந்து, அவ்வமைப்பினை ஒரு தொட்டிலுக்கு ஒப்பிட்டனர். தாய்ப்பாலின் புரதத்தில் ஒரு தொட்டில் காணப்படுதல் பொருத்தமுடைத்தே.

நிற்க, தொட்டிலில் வந்து கிடப்பது யாது என்பதனை அறிதற்கு உயிரணுவின் புறத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். உயிரணுவின் மேற்றோல் வழவழப்பான வெறுஞ் சுவர் அன்று. குளத்துப் படித்துறையில் நீர் அசையுந்தோறும் அசைகின்ற பாசியிழைகளைப்போல, அதன் புறமெங்கும் சருக்கரைப் பொருளாலாகிய நெடிய இழைகள் செறிந்துள்ளன. அவ்விழைகளைத் தாங்கும் தண்டுகளும் புரதங்களே. அவற்றுள் சின்டெக்கான் என்பன படலத்தை ஊடுருவி நிற்கும். கிளிப்பிக்கான் என்பன கொழுப்பாலான ஒரு பிடிப்பினால் படலத்தின்மேற் பொருந்தி நிற்கும். மக்கள் உடலில் முன்னவை 4 வகை. பின்னவை 6 வகை. இத்தண்டுகளிற் கிளைத்து நீளும் இழைகளுள் தலையாயது ஹெப்பரான் சல்பேட்டு எனப்படும். இருவகைச் சருக்கரை உறுப்புக்கள் மாறி மாறித் தொடர்ந்து வருதலால் ஆயது இவ்விழை. அதன் நெடுகிலும் கந்தகமும் உயிர்வளியுங் கூடிய சல்பேட்டுக் கூறுகள் ஆங்காங்கே தொங்குகின்றன. அவை யாவும் எதிர்மின்னேற்றமுடையன. ஆகவே, நம் உடலின் உயிரணுக்கள் எதிர்மின்னைப் போர்வையாகப் போர்த்து நிற்கின்றன என்னலாம்.

இதன் உடன்பிறப்பாகிய ஹெப்பரின் மருத்துவ உலகிற் பெரிதும் பயில்வது. 1916-ஆம் ஆண்டில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராயிருந்த ஜே மக்லீன் என்பவர், குருதி உறைதலைத் தடுக்கும் பொருளொன்றைத் தம் ஆய்வின் இடையே எதிர்பாராது கண்டார். அவ்வழி ஆராய்ச்சியைத் தொடர்ந்த அவருடைய ஆசிரியர் ஹவெல், ஈரலினின்று பெற்ற பொருளாதலின், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 1918-இல் ஹெப்பரின் எனப் பெயரிட்டார். ஹெப்பரான் சல்பேட்டினும் மிகுதியான சல்பேட்டுக் கூறுகளை உடையது ஹெப்பரின். ஆதலின் உயிரணுவின் புறத்தே நிகழும் பற்றினை ஆய்வுக்கூடத்தில் ஆராய விழைவார் ஹெப்பரினையே பெரும்பாலும் துணைக்கொள்வர்.

இனி, இரண்டும் கூடும் முறையைக் காண்போம். நேர்மின் தொட்டிலையுடைய லாக்டோஃபெரின் எதிர்மின் இழையை அணுகியவுடன் இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இலக்கணம் பயின்றார்க்கு இதனைப் புணர்ச்சியோடு ஒப்பிட்டுக் கூறலாம். நிலைமொழியும் வருமொழியும் எத்துணை நீளமுடையனவாயினும், அவை புணருமிடத்து நாம் நோக்குவது நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையுமே. அவ்வாறே, 691 எழுத்துக்களையுடைய இப்பெருஞ்சொல்லிலும் இழையோடு புணர்தற்கு முதன்மையாய் நிற்பன தலைப்பிலுள்ள சிலவே. அம்முதல் மாறின் புணர்ச்சியும் மாறும். இதற்குச் சான்று பின்னர்க் கூறுவாம்.

1894-இல் எமில் ஃபிஷர் என்னும் செருமானிய அறிஞர், நொதியும் அது தாக்கும் பொருளும் பூட்டும் திறவுகோலும்போல் வடிவத்தாற் பொருந்துகின்றன என்று உரைத்தார். ஈண்டுக் கூறும் பற்று அத்துணை நுண்ணிய பொருத்தம் அன்று. ஒரு பூட்டிற்கு ஒரு திறவுகோலே உரியது. ஆயின் நாயுருவி விதை தன்னருகே வரும் ஆடை எதுவாயினும் ஒட்டிக்கொள்ளும். அதன் ஒவ்வொரு முள்ளின் பிடியும் மெலிது. பல கூடியவழியே விதை ஆடையை விட்டுப் போகாது நிற்கும். லாக்டோஃபெரினின் பற்றும் அவ்வினத்ததே. ஓர் ஆர்ஜினின் ஒரு சல்பேட்டை ஈர்க்கும் வலிமை சிறிது. அவை பல சேருங்கால் பிடி உறுதியடைகின்றது. எனினும் அது கழலாத பிடி அன்று. ஓரிடத்தினின்று கழன்று மற்றோரிடத்தைப் பற்றிக்கொள்ளவும் வல்லது.

இக்கூற்று வெறுங் கருத்தளவாய் நின்றுவிடாமல், மூன்று சான்றுகளான் நிறுவப்பட்டுள்ளது. முதலாவது உப்பு. ஹெப்பரின் பிணைத்த மணிகள் நிரம்பிய குழலினூடே பால்தெளிநீரைச் செலுத்தினால், லாக்டோஃபெரின் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஏனைய பெரும்பாலன வழிந்தோடும். பின்னர் உப்பு மிகுந்த நீரைச் செலுத்தினால், ஒட்டியிருந்த லாக்டோஃபெரின் கழன்று வரும். உப்பிலுள்ள மின்னேற்றமுடைய நுண்துகள்கள் இருபுறமும் மொய்த்து ஈர்ப்பைக் குறைத்தலே இதன் காரணம். பற்று மின்னேற்றத்தால் ஆயது என்பது இதனாற் பெறப்படும். 1980-இல் ஸ்வீடன் அறிஞர் இம்முறையினாலேயே தாய்ப்பாலினின்று இப்புரதத்தை ஒரே படியிற் பிரித்தெடுத்தனர்.

இரண்டாவது சான்று தலைப்பெழுத்துக்களைக் களைதல். 1997-இல் வான் பெர்க்கல் முதலிய நெதர்லாந்து அறிஞர், லாக்டோஃபெரினின் தொடக்கத்திலுள்ள அமினோ அமிலங்களைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் ஹெப்பரினோடு சேர்த்துப் பார்த்தனர். ஆர்ஜினின்கள் குறையக் குறையப் பற்றும் குறைந்தது. நான்கும் நீங்கியவழிப் பற்று இலதாயிற்று. எஞ்சிய அறுநூற்று எண்பத்தாறு உறுப்புக்களும் அப்படியே இருந்தும் பயனின்று. முதலெழுத்து மாறின் புணர்ச்சி மாறும் என்று மேலே கூறியது இது கருதியே.

மூன்றாவது சான்று எதிர்ப்பக்கத்தைக் களைதல். ஹெப்பரினேஸ் முதலிய நொதிகள் உயிரணுப் புறத்துள்ள இழைகளை அறுத்துவிடும் இயல்பின. அவற்றை இட்டு இழைகளை மழித்த உயிரணுக்களின்மேல் லாக்டோஃபெரின் ஒட்டுதல் வெகுவாகக் குறைகின்றது. ஒருபுறத்து ஆர்ஜினினை நீக்கினும் பற்று இல்லை. மறுபுறத்து இழையை நீக்கினும் பற்றுக் குறைகின்றது. ஆகவே இவ்விரண்டுமே இப்பற்றின் அடிப்படை எனத் துணியலாம்.

உயிரணுவின் புறத்தே லாக்டோஃபெரினுக்குரிய இடம் இவ்விழைகள் மட்டுமே என்று கொள்ளற்க. இழைகள் மிகப் பல. அவற்றின் பிடி தளர்ந்தது. அவற்றிடையே, எண்ணிக்கையிற் குறைந்தவையும் பிடியில் உறுதி மிக்கவையுமாகிய ஏற்பிகள் சில உள்ளன. குடலின் உட்புற உயிரணுக்களில் ஒருவகை ஏற்பியும், ஈரலில் மற்றொருவகையும் அறியப்பட்டுள. 2004-இல் பிரான்சு நாட்டறிஞர், நியூக்ளியோலின் என்னும் புரதமும் இவ்விழைகளும் கூடி லாக்டோஃபெரினை உயிரணுவினுள் அழைத்துச் செல்லுதலைக் காட்டினர். பெரியதொரு மாளிகையின் வாயிலில் வந்தாரையெல்லாம் வரவேற்று அமர்த்துவார் பலர் இருப்ப, உள்ளே அழைத்துச் செல்லும் உரிமையுடையார் சிலரே இருத்தல் போல்வது இது.

இனி, இப்பற்றினால் விளையும் பயன் யாதெனின், அதனை அறிதற்கு வைரசுகளின் செயலை நோக்குதல் வேண்டும். வைரசு தானே பெருக மாட்டாது. ஓர் உயிரணுவினுட் புகுந்தே பெருகும். புகுமுன் அதன் புறத்தே ஒட்டிக்கொள்ளல் வேண்டும். 1989-இல் வுடன், ஸ்பியர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், அக்கி போன்ற கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பீசு வைரசு முதன்முதல் ஒட்டிக்கொள்வது ஹெப்பரான் சல்பேட்டு இழைகளிலேயே என்று காட்டினர். பிற வைரசுகள் பலவும் இவ்வழியையே கையாளுதல் பின்னர் அறியப்பட்டது. 2020-இல் உலகை வாட்டிய கொரோனா வைரசும் இவ்விழைகளின் துணையை நாடுகின்றது என அவ்வாண்டிலேயே ஆராய்ச்சிகள் வெளிவந்தன.

பகைவன் ஏறிவரும் படியில் முன்னரே காவலன் அமர்ந்திருப்பானாயின், பகைவனுக்கு அடிவைக்க இடமின்றாம். லாக்டோஃபெரின் செய்வது இதுவே. வைரசு பற்ற விழையும் இழைகளை முந்திச் சென்று பற்றிக்கொள்கின்றது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் ஹெர்ப்பீசு வைரசு ஒட்டுதலை இது தடுக்கின்றமை 1990-களிற் பலராற் காட்டப்பட்டது. 2003-இற் பரவிய சார்சு நோயின் வைரசு உட்புகுதலையும் இது தடுக்க வல்லது என்றும், இழைகளைப் பற்றுதலே அதன் வழி என்றும் சீன நாட்டறிஞர் 2011-இற் கண்டனர். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. லாக்டோஃபெரினை வைரசுக்கு முன்னரோ உடனோ சேர்த்தால் மட்டுமே அது நன்கு தடுக்கின்றது. வைரசு உட்புகுந்த பின்னர்ச் சேர்ப்பின் பயன் பெரிதும் இல்லை. காவல் வாயிலில் இருத்தல் வேண்டும். கள்வன் அகம் புகுந்தபின் வாயிற்காவலால் ஆவதென்னை?

இது கேட்ட அளவில், இப்புரதத்தை எல்லா நோய்க்கும் மருந்தெனப் புகழ்ந்துவிடல் எளிது. யாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். ஆயின் எம் நண்பர் எம்மைத் தடுத்து, இரண்டு செய்திகளை அறிவித்தார். அவற்றைக் கூறாது விடுதல் உண்மைக்கு மாறாகும்.

ஒன்று, அடினோவைரசு பற்றியது. கண்நோயும் தொண்டைநோயும் விளைக்கும் இவ்வினத்துட் சில, நம் கண்ணீரிலுள்ள லாக்டோஃபெரினையே பாலமாகக் கொண்டு உயிரணுவிற் சென்று ஒட்டிக்கொள்கின்றன என ஸ்வீடன் அறிஞர் 2007-இற் கண்டறிந்தனர். உயிரணுவைப் பற்றும் இயல்புடைய பொருளைத் தான் பற்றிக்கொண்டால், அதன் வழியே தானும் உயிரணுவை அடையலாம் அன்றோ? வாயிற்காவலனின் தோள்மீதேறி மதிலைக் கடந்த கள்வன் போன்றது இது. நாயுருவியின் இயல்பைக் கூறியபோதே இதற்கு விடை அடங்கியுளது. மின்னேற்றத்தால் ஆகும் பற்று நண்பனென்றும் பகைவனென்றும் தேர்ந்து பற்றுவதன்று. அதன் வலிமை எதுவோ, அதுவே அதன் குறைபாடும் ஆம்.

மற்றொன்று, மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆய்வு. மாதம் நிரம்பாது பிறக்கும் குழவிகள் குருதியிற் கிருமி கலந்து இறத்தல் உலகெங்கும் நிகழும் துயரம். 2009-இல் இத்தாலி நாட்டில் எடை குறைந்து பிறந்த 472 குழவிகளைக்கொண்டு நிகழ்ந்த ஆய்வில், பசுவின் லாக்டோஃபெரின் ஊட்டப்பெற்றாருள் நூற்றுக்கு 5.9 பேரும், ஊட்டப்பெறாதாருள் நூற்றுக்கு 17.3 பேரும் அந்நோயுற்றனர். மருத்துவர் பெரிதும் மகிழ்ந்தனர். அவ்வாறாயினும், சிறிய ஆய்வு ஒன்றனையே நம்புதல் தகாது என்று கருதி, இங்கிலாந்து முதலிய நாடுகளடங்கிய பிரித்தானியாவில் 2,203 குழவிகளைக்கொண்டு மற்றோர் ஆய்வு நிகழ்த்தினர். அதன் முடிவு 2019-இல் வெளிவந்தது. ஊட்டப்பெற்றாருள் நூற்றுக்கு 29 பேரும், ஊட்டப்பெறாதாருள் நூற்றுக்கு 31 பேரும் நோயுற்றனர். இவ்வேறுபாடு தற்செயலாக நேர்தற்கும் உரியதாதலின், ஊட்டியதனாற் பயன் விளைந்தது என்று கூறுதற்கில்லை. 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசீலந்திலும் நிகழ்ந்த ஆய்வும் ஏறக்குறைய இதனையே கூறிற்று.

இவ்விரண்டும் எம் உள்ளத்தை முதலிற் சோர்வுறுத்தின. பின்னர்ச் சிந்தித்தவழி ஒன்று புலனாயிற்று. கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் உயிரணு வேறு, குழவி வேறு. பசுவினது புரதம் வேறு, தாயினது வேறு. பசுவின் லாக்டோஃபெரினில் நான்கு ஆர்ஜினின்கள் தொடர்ந்து நிற்கும் தலைப்பு இல்லை. அதன் தலைப்பு அலனின், புரோலின், ஆர்ஜினின், லைசின் எனச் செல்லும். பொடியாக்கி ஊட்டிய ஒரு புரதம் வேறு. பிற காவற் பொருள்கள் பலவற்றோடு தாயின் மார்பினின்று நேரே வருவது வேறு. அவ்வேறுபாடுகளுள் எது காரணமென்று துணியாமல், லாக்டோஃபெரின் பொடியை அருமருந்தெனக் கூறி விற்பார்தம் சொல்லை நம்பிப் பொருளிழத்தல் அறிவுடைமை ஆகாது. அவ்வாறே, கொதித்தலால் இப்புரதம் உருக்குலையும் என்பது கேட்டு, பசும்பாலைக் காய்ச்சாது பருகலாம் என்றும் ஒருவரும் கொள்ளற்க. காய்ச்சாத பாலின் வழியே காசநோய்க் கிருமியும் பிறவும் வந்து சேரும். பசும்பாலில் இப்புரதம் இருக்கும் அளவோ ஒரு லிட்டருக்கு 0.02 முதல் 0.2 கிராம்வரையே.

இதனோடு தாய்ப்பாலை ஒப்பிடுக. முதிர்ந்த தாய்ப்பாலில் ஒரு லிட்டருக்கு 1 முதல் 2 கிராம்வரை லாக்டோஃபெரின் உண்டு. சீம்பாலிலோ 5 முதல் 7 கிராம்வரை உளது. குழவி உலகிற்கு வந்து, அதுவரை காணாத கிருமிகளை முதன்முதல் எதிர்ப்படும் நாள்களிலேயே இக்காவற் பொருளும் மிக்குச் சுரக்கின்றது. பிறந்த குழவியின் இரைப்பையிற் புளிப்புக் குறைவு. ஆதலின் இப்புரதத்தில் ஒரு பகுதி செரியாது குடலையடைகின்றது. தாய்ப்பால் உண்ணும் குழவிகளின் மலத்திலும் இது குலையாத வடிவில் காணப்பட்டுளது. குடலை அடைந்து, ஆங்குள்ள உயிரணுக்களின் இழைகளைப் பற்றி நிற்றற்கு வேண்டிய வாய்ப்பு இதற்கு உண்டு என்பது இதனால் விளங்கும். பிறந்த ஒரு மணி நேரத்துள் தாய்ப்பாலூட்டத் தொடங்குக என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்வறிவுரை லாக்டோஃபெரின் ஒன்றனையே நம்பி எழுந்ததன்று. தாய்ப்பாலுண்ட குழவிகளின் நலத்தைப் பல நாடுகளிலும் கண்டு எழுந்தது. ஆதலின் மேற்கூறிய பொடி ஆய்வுகளால் அவ்வறிவுரைக்கு இழுக்கு யாதும் இல்லை.

தமிழிற் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் உண்டு. அதன் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். பிள்ளையைக் காக்கவென வேண்டிய பின்னரே செங்கீரையும் தாலும் பிறவும் பாடுவர். குழவிக்கு முதலில் வேண்டுவது காவல் என்பதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். அவ்வுணர்ச்சியாலேயே எம் பாட்டியாரும் சீம்பாலை விலக்க எண்ணினார். பிள்ளைக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சமன்றி அவருக்கு வேறு கருத்து இருந்ததில்லை. அவர் அன்பிற் குறையில்லை. அவருக்கு விடை கூற வேண்டிய யாமே குறையுடையேம் ஆயினேம்.

தசரா விடுமுறையில் இல்லம் சென்றபோது யாம் அறிந்தவற்றை, ஆர்ஜினின், சல்பேட்டு முதலிய பெயர்களை விடுத்து, எளிய சொற்களிற் பாட்டியாருக்கு எடுத்துரைத்தோம். நாயுருவி விதையைக் கூறியவுடன் அவர் நகைத்து, "ஒட்டிக்கொண்டு காவல் காக்கிறது என்கிறாய்" என்றார். யாம் பல பக்கங்களிற் கூற முயன்றதனை அவர் ஒரு வரியிற் கூறிவிட்டார். பின்னர்ச் சற்றே வாளா இருந்து, "என் பிள்ளைகள் ஐவருக்கும் பீச்சிக் கொட்டினேனே" என்றார். அதற்கு யாம் மறுமொழி அறியேம்.

அறிவு நூல்களின் செய்திகள் கல்லூரிச் சுவர்களுக்குள்ளே நின்றுவிடின், இல்லங்களில் அவ்வினாக்கள் விடையின்றியே இருக்கும். உயிரியல் பயில்வார் கண்டதனைத் தமிழ் பயில்வார் கேட்டறிந்து, கேட்டதனைத் தாய்மொழியில் ஐயமற உரைப்பாராயின், அடுத்த குழவியின் தொட்டிலருகே நிற்கும் பாட்டியாருக்காவது உரிய காலத்தில் விடை கிடைக்கும். இதனை எம் உடன்பயிலும் அன்பர்கள் கருத்திற் கொள்வாராக.